நாற்பதாயிரம் ரூபாய்க்குச் சுவரா, மண்டபமா?

எங்கள் குழுவில் எட்டுப் பேர். சீட்டுக் கட்டுவது போல மாதாமாதம் கொஞ்சம் போட்டு, ஆளுக்கு 5,000 சேர்ந்ததில் 40,000 ரூபாய் கையில் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் படம் வரைகிறவர்கள் சேர்த்த பணம், அதனால் செலவு செய்யத்தான் வேண்டும். எதில் என்பதில்தான் சண்டை. மண்டபம் எடுத்து மூன்று நாள் கண்காட்சி வைக்கலாம் என்று ஒரு பக்கம். ஊருக்குள் நல்ல சுவர் ஒன்றைப் பிடித்துப் பெரிதாக வரைந்துவிடலாம் என்று இன்னொரு பக்கம். மாங்கனிக் கண்காட்சியிலோ புத்தகத் திருவிழாவிலோ ஒரு ஸ்டால் போட்டால் போதுமே என்று நடுவில் ஒரு குரல். கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதால் மூன்றையும் எழுதிப் பார்க்கும் வேலையும் எனக்கே வந்தது. நான் மண்டபக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு ஆடிக்கு முன்னால் ஒருமுறை மண்டபம் எடுத்திருக்கிறோம். ஆடியில் எடுத்ததற்குக் காரணம், அது முகூர்த்தம் இல்லாத மாதம். மண்டபக்காரர் வாடகையில் இறங்கி வருவார். மார்கழியும் அப்படித்தான். வாடகை குறைந்தது, ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார்கள். சரி என்று இருபக்க டேப் வாங்கி ஒட்டினோம். மூன்றாம் நாள் இரவு படங்களைக் கழற்றும்போது டேப்போடு மண்டபத்துப் பெயிண்டும் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. முன்பணத்தில் 3,000 போனது. தப்பு எங்களுடையதுதான். மண்டபத்துச் சுவரைத் தொடவே கூடாது என்பது இப்போது தெரியும். சவுக்குக் கம்பில் சட்டம் கட்டி, அதில் கோழி வலை அடித்து, தூண்டில் நரம்பில் படத்தைத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடி உயரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் எல்லோர் கண்ணுக்கும் ஒத்துவரும். நாங்கள் முதல் தடவை ஆறடியில் மாட்டிவிட்டு, வந்தவர்கள் எல்லோரும் கோபுரம் பார்ப்பது போல அண்ணாந்து பார்த்ததை வேடிக்கை பார்த்தோம்.

வெளிச்சம் இன்னொரு தொல்லை. கல்யாண மண்டபத்தில் இருப்பது மணமேடைக்கான வெளிச்சம். கண்ணாடி போட்ட பிரேமில் டியூப் லைட் விழுந்தால் படம் தெரியாது, பார்க்கிறவர் முகம்தான் தெரியும். மேலிருந்து சாய்வாக, கிட்டத்தட்ட 30 பாகையில் விளக்கு விழ வேண்டும். அதற்குத் தனியாக போகஸ் லைட் வாடகைக்கு எடுக்க வேண்டும், அதற்குத் தனியாக ஒயர் இழுக்க வேண்டும், கரண்டுக்குத் தனியாக மீட்டர் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் செய்த பிறகு யார் வந்தார்கள்? வருகைப் பதிவேட்டில் 214 கையெழுத்து. உட்கார்ந்து பெயர் பெயராக டிக் அடித்துப் பார்த்தேன். எங்களுக்கு ஏற்கெனவே தெரியாதவர்கள் அறுபது பேர்கூடத் தேறவில்லை. மற்றவர்கள் சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், எங்கள் குழுவில் இருக்கும் டிராயிங் வாத்தியாரின் பழைய மாணவர்கள். வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் பதிவேட்டில் இல்லை. அவர்களும் நிறையப் பேர். "டிக்கெட் எவ்வளவுங்க?" என்று கேட்டவர்கள் பாதி. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நின்றவர்கள் மீதி. முதலில் வந்த ஒரு பெரியவர் கழற்றிவிட்டார், அப்புறம் வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக் கழற்றினார்கள். மதியத்துக்குள் வாசலில் ஒரு செருப்புக் குவியல். போர்டு எழுதும் எங்கள் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "கோயிலாக்கிட்டீங்கடா, இனி எவன் உள்ள வந்து சத்தமா பேசுவான்?" என்றார். அவர் சொன்னது சரிதான். மூன்று நாளும் எல்லோரும் குசுகுசுவென்றுதான் பேசினார்கள்.

ஆனால் அந்த மண்டபம் கொடுத்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எட்டுப் பேரும் அவரவர் படத்தை அவரவர் பெயரில் மாட்டினோம். தேதி குறித்த பிறகுதான் ஆறு மாதமாக முடிக்காமல் கிடந்த படங்கள் முடிந்தன. எங்களில் ஒரு தங்கை பென்சிலில் மட்டும் வரைவாள். உள்ளங்கை அளவுப் படங்கள். குண்டுமல்லி மொட்டு, பீடிக் கட்டு, பாட்டியின் காது. அவற்றை அரையடி தூரத்தில் நின்றுதான் பார்க்க முடியும். பர்கூரிலிருந்து ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் வந்து, அந்தக் காது முன்னால் நின்றவர் நகரவே இல்லை. தன் அம்மாவின் பாம்படம் பற்றிப் பேச ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். படம் வாங்கவில்லை. வாங்கியது மூன்று பேர், அதில் இரண்டு பேர் வாத்தியாருக்கு வேண்டியவர்கள்.

இந்த முறை மண்டபத்துக்கு நான் போட்ட கணக்கு: வாடகை, கரண்ட், துப்புரவு எல்லாம் சேர்த்து மூன்று நாளுக்கு 15,000. முப்பத்தாறு படத்துக்குப் பிரேம், ஒன்று 400 வீதம் 14,400. ஸ்டாண்டும் விளக்கும் 6,500. நோட்டீஸ், வாசல் பேனர், டீ, பிஸ்கட் 4,000. மொத்தம் 39,900. நூறு ரூபாய் மிச்சம். பிரேம் அடுத்த வருடத்துக்கும் ஆகும் என்பது மட்டும் ஆறுதல்.

அடுத்தது சுவர். அதிலும் எங்களுக்கு ஒரு தழும்பு உண்டு. ஒரு தனியார் பள்ளியின் சுற்றுச்சுவரில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு அறுபதடி நீளத்துக்கு வரைந்தோம். திறப்பு விழாவெல்லாம் நடந்தது. ஏழாவது மாதம் அந்தப் பக்கம் போனால் சுவர் பளிச்சென்று இளமஞ்சள் நிறத்தில் இருக்கிறது. யாரோ ஆய்வுக்கு வருகிறார்கள் என்று பெயிண்ட் அடித்துவிட்டார்களாம். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் நாங்களும் எழுதி வாங்கவில்லை.

வரைந்தவனுக்குச் சட்டத்தில் எதுவுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்து வைத்த மாபெரும் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குப் போட்டு, 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்த துண்டுகளை அவரிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவில் வரும் படைப்பாளியின் உரிமை அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கால் நூற்றாண்டு கழித்து வந்த தீர்ப்பு அது. அறுபதடி இளமஞ்சளுக்காக நாங்கள் யாரும் டெல்லிக்குப் போகப் போவதில்லை. எங்களுக்கு வேண்டியது ஒரு பக்கக் காகிதம்: சுவர்க்காரரின் சம்மதம், எத்தனை வருடம் அழிக்காமல் வைத்திருப்பார், அழிப்பதாக இருந்தால் எத்தனை நாள் முன்னால் சொல்வார், பழுது பார்ப்பது யார். சம்மதம் இல்லாமல் கைவைத்தால் வேறு சிக்கலும் வரும். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். நமக்கு ஓவியமாகத் தெரிவது புகார் கொடுப்பவருக்குக் கிறுக்கலாகத் தெரியலாம்.

சுவருக்கான கணக்கு, முப்பதுக்குப் பத்து, அதாவது 300 சதுர அடிக்கு: சாரம் வாடகை 3,500. பழைய பூச்சைச் சுரண்டி, பொத்தலான இடத்தில் கொத்தனார் கை வைக்க 3,000. பிரைமரும் பட்டியும் 4,000. வெளிப்புற எமல்ஷனும் கலர்களும் 9,000. பிரஷ், ரோலர், டேப் 1,800. ஆறு நாள் சாப்பாடு, டீ 5,200. மொத்தம் 26,500. எங்கள் கூலியைக் கணக்கில் சேர்க்கவில்லை. மண்டபத்துக்கும் சேர்க்கவில்லை. மீதி 13,500-ஐ இரண்டு வருடம் கழித்து டச்சப் செய்ய வைத்துக்கொள்ளலாம். இந்த டச்சப் பணத்தை ஒதுக்காமல் சுவரில் இறங்குகிறவர்கள் இரண்டாவது மழைக்குப் பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்திவிடுவார்கள்.

ஏனென்றால் சுவர் ஏமாற்றும். மேலே வறண்டு தெரியும், உள்ளே ஓதம் ஏறியிருக்கும். அண்ணன் சொல்லிக் கொடுத்த சோதனை ஒன்று உண்டு. ஒரு முழ பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் அந்தச் சுவரை விட்டுவிடலாம். உப்புப் பூத்த சுவர் அதைவிட மோசம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் சுவருக்குப் பின்னால் ஒரு தொட்டியோ குளியலறையோ இருக்கும். புதுப் பூச்சு என்றால் 28 நாளாவது காய வேண்டும். அப்புறம், எனாமல் வேண்டாம். போர்டு எழுதுகிறவர்களுக்கு எனாமல்தான் கைப்பழக்கம், அதன் மினுமினுப்பு அவர்களுக்குப் பிடிக்கும். தகரத்துக்கு அது சரி. சுவரில் அடித்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிக்கொண்டு வரும். நல்ல சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு ஐம்பது, அறுபது சதுர அடி வரும். சொரசொர சுவர் அதில் கால்வாசியைச் சும்மா குடித்துவிடும்.

மேற்குப் பார்த்த சுவர் என்றால் வெயில் தின்றுவிடும். அதுவும் நம் பங்குனி, சித்திரை வெயில். பளீர் ரோஸும் எலுமிச்சை மஞ்சளும் முதலில் வெளுக்கும். காவி, மஞ்சள் காவி, கறுப்பு, வெள்ளை தாக்குப்பிடிக்கும். இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பில்லை. பர்கூர்ப் பக்கம் மல்லப்பாடிக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள், பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரைமேல் ஆட்கள். நம் மாவட்டத்துப் பாறை ஓவியங்கள் வெள்ளையும் காவியுமாக இத்தனை நூற்றாண்டு நின்றதற்கு நிறம் மட்டும் காரணமில்லை. பாறை கவிந்து மழையும் நேர்வெயிலும் படாத இடமாகப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். சன்ஷேட் உள்ள சுவரைத் தேடுங்கள் என்று இன்றைக்கு நாம் சொல்வதை அவர்கள் அன்றைக்கே செய்துவிட்டார்கள். அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயிலில் இராமாயண, பாரதக் காட்சிகளை மண்டபத்து விதானத்தில் எழுதியவர்களும் வெயிலுக்கு எட்டாத இடத்தில்தான் எழுதினார்கள்.

வெயிலும் மழையும் போக, மனிதர்கள். ஊரில் நல்ல சுவர் எல்லாம் ஏதாவது ஒரு கட்சிக்கு முன்பதிவாகியிருக்கும். மூலையில் பெயரும் வருடமும் எழுதி அம்புக்குறி போட்டிருப்பார்கள். பேச்சுவார்த்தைக்குப் போனால் அண்ணனைத்தான் அனுப்ப வேண்டும், ஏனென்றால் அந்தச் சுவர்களில் எழுதியதே அவர்தான், பிளக்ஸ் வருவதற்கு முன்னால். தேர்தல் தேதி அறிவித்தால் இன்னொரு ஆபத்து. அரசுக் கட்டடத்தில் 24 மணி நேரம், மற்ற பொது இடங்களில் 48, தனியார் இடத்தில் 72 என்று கெடு வைத்துக் கட்சி எழுத்துகளை அழிப்பார்கள். அழிக்க வருகிறவருக்கு வாளியும் கெடுவும்தான் தெரியும், எது விளம்பரம் எது ஓவியம் என்று நின்று பார்க்க அவருக்கு நேரம் ஏது? படத்தில் ஒரு கை, ஒரு பூ, ஒரு சூரியன் எது வந்தாலும் யாராவது அதில் ஒரு சின்னத்தைக் கண்டுபிடிப்பார்கள். இலை வரைவதற்குக்கூட எங்களுக்குள் ஒரு கூட்டம் போட வேண்டியிருந்தது.

சுவர்க்காரர்களின் ஆசையும் ஒன்று உண்டு. "சாமி படமா வரைஞ்சிடுங்க சார், ஒரு பய ஒண்ணுக்கு இருக்க மாட்டான்." போன இடமெல்லாம் இதைக் கேட்டோம். அது அவர்களுடைய உண்மையான கஷ்டம், மறுப்பதற்கில்லை. ஆனால் 26,500 ரூபாய்க்குக் காவல்காரன் வேலை பார்ப்பதற்கு ஒரு டஜன் சாமி டைல்ஸ் போதும்.

சுவரின் பெரிய விலை வேறு. எட்டுப் பேரின் படங்கள் மண்டபத்தில் எட்டாக இருக்கும். சுவரில் ஒரு படம்தான். யாருடைய வரைவோ ஒன்று ஜெயிக்கும், மற்ற ஏழு பேரும் அதைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி வண்ணம் நிரப்பும் பெயிண்டர்கள் ஆகிவிடுவார்கள். பள்ளிச் சுவரில் அப்படித்தான் ஆனது. நான்காம் நாளே இரண்டு பேர் வரவில்லை. கேட்டால் பேத்திக்குக் காய்ச்சல், வண்டி பஞ்சர். சுவரை எட்டாகப் பிரித்து ஆளுக்கொரு பெட்டி கொடுத்தால் தினசரிக் காலண்டரை விரித்து ஒட்டியது போல இருக்கும். மண்டபமே மேல் என்று நான் வாதாடியதற்கு இதுதான் முதல் காரணம். பென்சில் தங்கைக்குச் சுவரில் என்ன இடம் என்று கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை.

ஸ்டால் யோசனையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கூட்டத்துக்குக் குறைவில்லை. மாங்கனிக் கண்காட்சிக்குக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஆனால் பத்துக்குப் பத்து ஸ்டாலில், ஒரு பக்கம் மிளகாய் பஜ்ஜி, இன்னொரு பக்கம் மைக் செட், பெரிய படத்துக்கு இடமில்லை. விற்பது சின்னப் பொருள்தான்: வாழ்த்து அட்டை, துணிப்பை, சாவிக்கொத்து, அங்கேயே ஐந்து நிமிடத்தில் முகம் வரைந்து தருவது. இதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியவர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற காசில்தான் நிலம் வாங்கிக் காலூன்றினார்கள். உங்கள் குழுவிடம் பணமே இல்லை என்றால் முதலில் ஸ்டால்தான் போட வேண்டும். எங்களிடம் பணம் இருக்கிறது, அதை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. தள்ளிவைத்தோம்.

சரி, சுவர் என்றால் எந்தச் சுவர்? எல்லோருக்கும் முதலில் ஆசை வந்தது ரவுண்டானாப் பக்கம். பெங்களூர், சேலம், சென்னை என்று எல்லாப் பக்கத்து வண்டியும் வந்து திரும்பும் ஊர் இது. எத்தனை ஆயிரம் கண் என்று கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டோம். அண்ணன்தான் கேட்டார்: "வண்டியில போறவன் ரவுண்டானாவுல படத்தப் பார்ப்பானா, பக்கத்துல வர்ற லாரியப் பார்ப்பானா?" அவர் முப்பது வருடம் ரோட்டோரம் எழுதியவர். ஓடுகிற வண்டிக்கு மூன்று வார்த்தையும் ஒரு போன் நம்பரும் தவிர எதுவும் போய்ச் சேராது என்பது அவர் அனுபவம். மேம்பாலத் தூண்களில் வரைகிற படங்களைப் பாருங்கள். மயில், யானை, பரதநாட்டியம். பார்த்தவுடனே தெரிந்துவிடுகிற, தெரிந்துவிடுவதால் திரும்பப் பார்க்கத் தேவையில்லாத படங்கள். சென்னைக் கண்ணகி நகரில் 2020-ல் அடுக்குமாடிச் சுவர்களில் வரைந்தது எடுபட்டதற்கு அவற்றின் பிரம்மாண்டம் ஒரு காரணம். அது குடியிருப்புக்குள் இருப்பது இன்னொரு காரணம். அங்கே பிள்ளைகள் படத்துக்குக் கீழேயே விளையாடுகிறார்கள், துணி காயப்போடுகிறார்கள். கிரேன் வைத்து வரைகிற வசதி நமக்கு இல்லை, ஆனால் இரண்டாவது காரணம் நமக்கும் கிடைக்கும்.

அன்றைக்கு ராத்திரி நோட்டில் பணக் கணக்கை விட்டுவிட்டு நேரக் கணக்கு எழுதிப் பார்த்தேன். மண்டபத்தில் ஒருவர் ஒரு படத்தின் முன்னால் நின்றது, பாம்படக்காரரைத் தவிர்த்துப் பார்த்தால், பத்துப் பதினைந்து விநாடி. ரவுண்டானாவில் இரண்டு விநாடி. ஊரில் மனிதர்கள் வேறு வழியில்லாமல் நிற்கும் இடங்கள் எவை? ரேஷன் கடை, டாக்டர் வீட்டுத் திண்ணை, பஸ் ஸ்டாப், மாவு மில். மில்லில் கேழ்வரகு அரைக்கக் கொடுத்தால் முன்னால் நாலு தூக்கு இருக்கும். இருபது நிமிடம் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அடுத்த வாரமும் அதே சுவர்தான். நான் கட்சி மாறியது இந்த இடத்தில்.

இன்னொன்றும் இருந்தது. பழையபேட்டைப் பக்கம் ஒரு தெருவில் தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் கேட்கும். ஓசூர் போனால் கன்னடமும் சேரும். மண்டபத்தில் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் நாங்கள் தமிழில் நாலு வரி எழுதி ஒட்டியிருந்தோம். பலர் அதைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்காமல் நகர்ந்தார்கள், படிக்க வராதவர்கள் சங்கடப்பட்டார்கள். சுவருக்கு அந்த நாலு வரி தேவைப்படாது.

இதை வைத்து எல்லோருக்கும் சுவர்தான் என்று சொல்ல மாட்டேன். குழுவில் பாதிப் பேர் இதுவரை ஒருமுறைகூடத் தங்கள் படத்தைப் பிறர் முன் வைத்ததில்லை என்றால் மண்டபத்துக்கே போங்கள். முதல் படம் சுவரில் தப்பாகிப் போனால் ஐந்து வருடம் அதே தெருவில் நடக்க வேண்டும். மண்டபத்தில் மூன்றாம் நாள் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். உங்கள் படங்கள் கிட்டே நின்று பார்க்க வேண்டியவை என்றாலும், விற்றால்தான் அடுத்த கேன்வாஸ் என்றாலும் மண்டபம்தான். மண்டபம் கட்டுப்படியாகாவிட்டால் ஒரு பள்ளியின் கூடத்தை ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்கலாம். வரைகிறவர்கள் ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்து பழகியவர்கள், சாரத்தில் ஏற ஆள் உண்டு, சுவர்க்காரர் எழுதிக் கொடுக்கத் தயார் என்றால்தான் சுவர். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நானாக இருந்தால் இறங்க மாட்டேன்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு மாவு மில்லுக்கு எதிரே, அதே மில்காரருக்குச் சொந்தமான குடோன் சுவர். வடக்குப் பார்த்தது. மேலே ஒன்றரை அடி சன்ஷேட். பிளாஸ்டிக் தாள் சோதனையில் தேறிவிட்டது. என்ன வரைவது, யார் கை ஓங்குவது என்ற பிரச்சினைக்கு வாத்தியார் ஒரு வழி சொன்னார். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கும். தருமபுரியிலும் அப்படித்தான். எல்லாம் கல், ஆனால் ஒவ்வொன்றும் வேறு சிற்பியின் கை. ஒன்றில் வில்லோடு நிற்பவன், ஒன்றில் புலியைக் குத்துபவன். அதே போல ஒரே காவித் தரையில் எட்டுக் கல், ஆளுக்கு ஒன்று, உள்ளே இந்தக் காலத்து மனிதர்கள்: தொரட்டியோடு மாங்காய் பறிப்பவர், கிரானைட் அறுப்பவர், எருது விடும் விழாவில் காளையைப் பிடித்துக்கொண்டு வரும் பையன், நைட் ஷிப்ட் முடித்து ஓசூரிலிருந்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வரும் பெண். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. வரைவை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனோம்.

மில்காரரின் அம்மா ஒரே கேள்வி கேட்டார்: "உசுரோட இருக்கிறவங்களுக்கு எவனாச்சும் கல்லு நடுவானா?"

எட்டுப் பேருக்கும் பேச்சு வரவில்லை. இது ஏன் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று திரும்பி வரும்போது ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டோம். மண்டபத்தில் இந்தக் கேள்வி வந்திருக்காது. அந்த அம்மா மண்டபத்துக்கே வந்திருக்க மாட்டார். அந்த வாரமே கல்லை வாசலாக மாற்றினோம். அளவும் வரிசையும் அப்படியே, எட்டு வாசல், எட்டு மனிதர்கள் வெளியே வருகிறார்கள். நிலைப்படிக்குக் கீழே ஒவ்வொரு வாசலிலும் கோலம், செருப்பு, எறும்பு, கவிழ்த்துப் போட்ட முறம் என்று சின்னச் சின்னதாக முப்பதடி நீளத்துக்கும் பென்சில் தங்கை வரையப் போகிறாள். திண்ணையில் உட்கார்ந்தால் நேர் கண்ணுக்கு வரும் உயரம் அது. பென்சிலுக்குப் பதில் மெல்லிய பிரஷ் பழகிக்கொண்டிருக்கிறாள்.

வேலை தை மாதக் கடைசியில். மார்கழியில் ஊரே பொங்கலுக்கு வெள்ளையடிக்கும், சாரமும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. பொங்கல் முடிந்தால் எல்லாம் சும்மா கிடக்கும், மழையும் ஓய்ந்து சுவர் உலர்ந்திருக்கும். ஒப்பந்தக் காகிதத்தில் போகிக்கு வெள்ளையடிக்கும்போது அந்தச் சுவரை விட்டுவிட வேண்டும் என்று தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம். ஐந்து வருடம் என்று எழுதினோம், மில்காரர் மூன்று என்று திருத்தினார், நான்கில் நின்றது.

இன்னும் ஒரு விஷயம் முடியவில்லை. வலது மூலையில் மில் பெயர் வர வேண்டும் என்கிறார். நியாயம்தான், சுவர் அவருடையது. அவர் கேட்பது மூன்றடிக்கு நாலடி. நாங்கள் சொன்னது ஒன்றுக்கு ஒன்றரை. அண்ணன் பேசப் போயிருக்கிறார். எழுத்து அவர் கையாலேயே வருவதாக இருந்தால் இரண்டடிக்கு ஒத்துக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.